டிபி வந்த வீட்ல தட்ட பிரிக்கறத விட்டுட்டு மொதல்ல ஜன்னல திறங்க

டிபி இருக்குன்னு ரிசல்ட் வந்த வீட்டுக்கு நாங்க போய் சேர்றதுக்குள்ள அங்க ஒரு வேலை நடந்து முடிஞ்சிருக்கும். தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனின்னு எல்லாத்தையும் பிரிச்சு வெச்சிருப்பாங்க, சில வீட்ல அந்த ஆளையே பின்னாடி விறகு அடுக்கற சாய்ப்புல கொண்டு போய் படுக்க வெச்சிருப்பாங்க. ஆனா அதே ஆள் கூட மழைக்காலம் முழுக்க கதவு ஜன்னல சாத்திட்டு ஒரே ரூம்ல அடுப்ப சுத்தி சுருண்டு படுத்த குழந்தைங்கள ஒருத்தரும் டாக்டர்கிட்ட காட்டி இருக்க மாட்டாங்க. கேட்டா "அதுங்களுக்கு இருமலே இல்லையே சேச்சி"ம்பாங்க.

நான் நீலகிரில கூடலூர், பந்தலூர் பக்கம் ஆதிவாசி காலனிகள்ல டிபி ஃபீல்டு வேலை பாக்கறேன். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர்னு பல ஜனங்க இருக்கற ஏரியா, பாதி பேருக்கு நான் அக்கா, பாதி பேருக்கு சேச்சி. இத எழுதறதுக்கு காரணம், இந்த வேலைக்கு புதுசா வர்ற பசங்க கைல குடுக்கற நோட்டீஸ்ல இருக்கறதெல்லாம் சரிதான், தப்பில்ல, ஆனா அது டவுன்ல ஃபிளாட்ல இருக்கறவங்களுக்கு எழுதினது மாதிரியே இருக்கு. "நோயாளி தனி அறையில் இருக்க வேண்டும்"னு போட்டிருக்கும். இங்க மொத்த வீடே ஒரு அறை தான், தனி அறைக்கு எங்க போறது?

டிபி காத்துல தான் பரவுது. நுரையீரல்ல டிபி இருக்கறவங்க இருமும்போது, சத்தமா பேசும்போது, பாடும்போது கூட கண்ணுக்கு தெரியாத துளி வெளிய வந்து மூடின ரூம்ல மணிக்கணக்கா மிதக்கும். அத மூச்சுல இழுக்கறவங்களுக்கு தான் கிருமி போகும். தட்டுல, டம்ளர்ல, துணில, தொட்டு பேசறதுல எல்லாம் பரவாது. அப்போ தட்ட பிரிக்கறதுனால என்ன ஆகுது? நோய் தடுக்கப்படறதில்ல, ஆனா அந்த ஆள் மனசு விட்டுப்போயிடும், சாப்பாடு குறையும், மாத்திரைய ஒளிச்சு வெச்சு சாப்பிடுவாரு, கொஞ்ச நாள்ல நிறுத்தியும் விடுவாரு. தனி தட்டு வெச்ச வீடுகள்ல தான் மாத்திரை பாதில நிக்கறத நான் அதிகம் பாத்திருக்கேன், அதனால எனக்கு இந்த தட்டு விஷயத்துல கொஞ்சம் கோவமே உண்டு.

இன்னொரு விஷயம், இத நான் எல்லா வீட்லயும் சொல்றது. கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் பரவறத விட கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி பரவினது தான் ஜாஸ்தி. மாத்திரை ஆரம்பிச்சு ஒழுங்கா போட்டா பரப்பற சக்தி வேகமா குறைஞ்சிடும், சாதாரண டிபினா ரெண்டு வாரம்னு பொதுவா சொல்வாங்க, மருந்துக்கு அடங்காத டிபினா கணக்கு வேற. இது ஏதோ நேத்து கண்டுபிடிச்ச விஷயம் இல்ல, நம்ம மெட்ராஸ்லயே நிரூபிச்சது. 1956ல சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச டிபி ஆராய்ச்சி சென்டர்ல (இப்ப அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஏழை வீட்டு நோயாளிகள ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒரு குரூப்ப சானடோரியத்துல (டிபி நோயாளிகள மாசக்கணக்கா தங்க வெச்சு பாக்கற ஆஸ்பத்திரி) வெச்சும் இன்னொரு குரூப்ப அவங்கவங்க வீட்லயே வெச்சும் ஒரே மருந்து குடுத்து பாத்தாங்க. சானடோரியத்துல ஓய்வு, நல்ல சாப்பாடு, நல்ல காத்து எல்லாம் இருந்தும் வீட்ல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குணமானாங்க, 1959ல ரிசல்ட் வெளிய வந்துச்சு. அப்புறம் அந்த குடும்பங்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்ததுல, வீட்லயே வெச்சு வைத்தியம் பாத்தவங்க வீட்டு ஆளுங்களுக்கு அதனால கூடுதலா டிபி வரல. உலகம் முழுக்க சானடோரியத்த மூட ஆரம்பிச்சதுக்கு அது ஒரு பெரிய காரணம். அத்தன வருஷம் கழிச்சும் நாம ஆள விறகு சாய்ப்புல படுக்க வெச்சிட்டு இருக்கோம்.

சரி ஜன்னலுக்கு வரேன். கூடலூர் மழை தெரிஞ்சவங்களுக்கு தெரியும், ஜூன்ல ஆரம்பிச்சா ஆகஸ்ட் வரைக்கும் துணி காயாது. அந்த குளிர்ல போய் "ஜன்னல திறந்து வைங்க"ன்னு சொன்னா தலைய ஆட்டுவாங்க, நாம ஜீப் ஏறினதும் சாத்திடுவாங்க, நானா இருந்தாலும் சாத்திடுவேன். பழைய மூங்கில் தட்டி வீடுகள்ல இந்த பிரச்சனை கம்மி, சந்து பொந்துல காத்து அதுபாட்டுக்கு போய்ட்டு வரும். சிமெண்ட்ல கட்டிக்குடுத்த தொகுப்பு வீடுங்கள்ல தான் கஷ்டம், சின்னதா ஒரு ஜன்னல், அதுலயும் குளிருக்கும் யானைக்கும் பயந்து பலகைய வெச்சு ஆணி அடிச்சிருப்பாங்க, இல்லனா தார்பாய் கட்டியிருப்பாங்க, உள்ள அடுப்பு புகை வேற. மழைல ஒழுகாத வீடு வேணும்தான், அதுல எனக்கு மறு பேச்சில்ல, ஆனா கட்டறவங்க கூரை ஓரத்துல ரெண்டு காத்து ஓட்டை விட்டிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

அதனால நான் சொல்றது இப்டி: பகல்ல வீட்டுக்குள்ள உக்காரவே வேண்டாம், இருமற ஆள் திண்ணைலயோ முத்தத்துலயோ வெயில் படற எடத்துல உக்காரட்டும், வீட்டு ஆளுங்களும் அங்கயே கூட உக்காந்து பேசலாம், வெளிய காத்தோட்டத்துல பரவறது ரொம்ப கம்மி. பகல்ல எல்லாரும் வேலைக்கு போனதும் கதவு ஜன்னல் ரெண்டையும் திறந்து போடுங்க. ராத்திரில குளிரு தாங்காதுனா ஜன்னலோட மேல் பாதிய மட்டும் திறந்து வெச்சு கீழ் பாதிக்கு சாக்கு கட்டுங்க. படுக்கற வரிசைய மாத்துங்க, நோயாளி கதவு பக்கம் ஓரமா, குழந்தைங்க தள்ளி அடுத்த கடைசில, முதல் சில வாரத்துக்காவது குழந்தைங்கள பாட்டி வீட்ல படுக்க வெச்சா இன்னும் நல்லது, ஆனா அந்த பாட்டிக்கு இருமல் இல்லன்னு மொதல்ல பாருங்க. மாஸ்க் போட்டா நல்லது, இல்லனா தோள்ல கிடக்கற துண்ட எடுத்து வாய மூடி இருமினா போதும்னு சொல்வேன், அது நடக்கும். பால் குடுக்கற அம்மாவா இருந்தா பால நிறுத்த வேண்டியதில்ல, மூக்கு வாய மூடிட்டு குடுக்கலாம், மாத்திரைய விடாம போட்டா போதும்.

அடுத்தது யாரையெல்லாம் செக் பண்றதுன்றது. ஃபார்ம்ல குடும்ப உறுப்பினர்கள்னு ஒரு கட்டம் இருக்கும், புதுசா வர்றவங்க ரேஷன் கார்ட வாங்கி அதுல இருக்கற நாலு பேர எழுதிட்டு வந்துடுவாங்க. காலனில குடும்பம் அப்டி இல்லங்க. குழந்தை காலைல ஒரு வீட்ல சாப்பிடும், ராத்திரி அத்தை வீட்ல தூங்கும். காப்பி பறிக்க வந்த சொந்தக்காரங்க ரெண்டு மாசம் தங்கியிருப்பாங்க. சாவு விழுந்தா மொத்த காலனியும் ராத்திரி முழுக்க ஒரே எடத்துல இருக்கும். அதனால நான் "வீட்ல யார் யார் இருக்கீங்க"ன்னு கேக்கறதில்ல, "கடைசி மூணு மாசத்துல இந்த அடுப்ப சுத்தி யாரெல்லாம் படுத்தாங்க, ராத்திரி யார் வீட்ல உக்காந்து பேசுவீங்க, வேலைக்கு ஜீப்ல யார் கூட நெருக்கி போவீங்க"ன்னு கேப்பேன். நாலு பேர் லிஸ்ட் பதினஞ்சா ஆகும். அந்த எக்ஸ்ட்ரா பேருங்கள்ல தான் பல தடவ இன்னொரு டிபி கிடைச்சிருக்கு, சில சமயம் மொதல்ல நோய் இருந்ததே அவங்களுக்கு தான்னு கூட தோணியிருக்கு, வருஷக்கணக்கா இருமிட்டு ஓரமா வெத்தல போட்டுட்டு உக்காந்திருக்கற வயசானவங்க.

சளி எடுக்கறத பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இங்க கோட்டை விட்டா எல்லாமே போச்சு. டப்பாவ குடுத்துட்டு "சளி எடுத்து வைங்க"ன்னு சொன்னா எச்சில் தான் வரும். ஒரு பாட்டி டப்பா நிறைய செவப்பா குடுத்தாங்க, பக்கத்துல நின்ன புது பையன் ரத்தம்னு பதறிட்டான், பாத்தா வெத்தலைப்பாக்கு. அப்புறம் அவங்கள வாய் நல்லா கொப்பளிக்க வெச்சு, வெட்டவெளில நிக்க வெச்சு, ரெண்டு மூணு தடவ மூச்ச ஆழமா இழுத்து அடக்கி விட சொல்லி, அடிவயித்துல இருந்து இரும சொன்னோம், கெட்டியா மஞ்சளா ஒரு கட்டி வந்துச்சு, அது தான் சாம்பிள். வீட்டுக்குள்ள எடுக்க விடாதீங்க, நீங்களும் எதிர்ல நிக்காதீங்க, காத்து உங்க முதுகுல இருந்து அவங்க பக்கம் போற மாதிரி நில்லுங்க. ஒரு சாம்பிள் அப்பவே, இன்னொன்னு காலைல எந்திரிச்சதும். காலை சாம்பிளுக்கு விடியறதுக்கு முன்னாடி கிளம்பி வர சொல்லாதீங்க, வழில யானை நிக்கும், மூடி இறுக்கி நிழல்ல வெச்சிருந்தா வெளிச்சம் வந்த அப்புறம் ஜீப்ல வர்ற யாராவது எடுத்துட்டு வரலாம். இப்பல்லாம் ட்ரூநாட், சிபிநாட் மெஷின் இருக்கறதுனால சில மணி நேரத்துலயே டிபி இருக்கா, டிபிக்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா ரெண்டும் தெரிஞ்சிடும். அந்த ரெண்டாவது விஷயம் வீட்டு ஆளுங்களுக்கும் முக்கியம், ஏன்னா அவங்களுக்கு குடுக்கற தடுப்பு மாத்திரை எதுன்றது அத வெச்சு தான் முடிவாகும்.

குழந்தைங்க கதை வேற. சின்னதுங்க சளிய துப்பாது, முழுங்கிடும், அதனால காலைல வெறும் வயித்துல மூக்கு வழியா குழாய் விட்டு வயித்துல இருந்து எடுப்பாங்க, எக்ஸ்ரே எடுப்பாங்க. இருமலே இல்லாம கூட டிபி இருக்கும். எடை ஏறாம நிக்கறது, ரெண்டு வாரத்துக்கு மேல காய்ச்சல், விளையாடாம சோர்ந்து கிடக்கறது, கழுத்துல கட்டி, இதெல்லாம் தான் அடையாளம். அங்கன்வாடில எடை போடற ரெஜிஸ்டர ஒரு தடவ புரட்டி பாருங்க, மூணு மாசமா கோடு படுத்தே இருக்கற குழந்தை யாருன்னு அதுலயே தெரிஞ்சிடும். பிசிஜி ஊசி போட்டாச்சேன்னு சொல்வாங்க, அந்த ஊசி குழந்தைங்கள மூளைக்கு போற டிபி மாதிரி கொடூரமான வகைல இருந்து நல்லா காப்பாத்தும், ஆனா நுரையீரல் டிபி வரவே வராதுன்னு கேரண்டி இல்ல. இன்னொன்னு, எங்க ஏரியால சிக்கிள் செல் (பரம்பரையா வர்ற ரத்த நோய்) இருக்கற குடும்பங்க நிறைய, அந்த குழந்தைக்கு காய்ச்சல் வந்தாலே "அது சிக்கிள் தான்"னு விட்டுடுவாங்க. வீட்ல டிபி இருந்தா அப்டி விடவே கூடாது.

டிபி இல்லன்னு உறுதியானவங்களுக்கு தடுப்பு மாத்திரை. அஞ்சு வயசுக்கு கீழ உள்ளதுங்களுக்கு நோய் இல்லன்னு பாத்துட்டா வேற டெஸ்ட் எதுவும் இல்லாம ஆரம்பிக்கலாம், 2021ல வந்த வழிகாட்டுதல்படி பெரியவங்களுக்கும் உண்டு. ஐசோனியசிட் தினமும் ஆறு மாசம் ஒரு வழி, ஐசோனியசிடும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரத்துக்கு ஒரு தடவ 12 வாரம் இன்னொரு வழி, அது ரெண்டு வயசுக்கு கீழ குடுக்கறதில்ல. என்னை கேட்டா காலனிக்கு வாரத்துக்கு ஒரு தடவ தான் சரி, லீவு நாள்ல எல்லாரையும் ஒரே திண்ணைல உக்கார வெச்சு சாப்பாட்டுக்கு அப்புறம் குடுத்துடலாம். "நோயே இல்லாதவனுக்கு எதுக்கு மாத்திரை"ன்றது தான் பெரிய சண்டை. நான் சொல்றது, கிருமி உள்ள போன எல்லாருக்கும் நோய் வராது, பத்து பேர்ல ஒருத்தருக்கு வந்தா ஜாஸ்தி, ஆனா வர்றதா இருந்தா முதல் ரெண்டு வருஷத்துல வர்றது தான் அதிகம், அதுவும் சின்ன குழந்தைக்கும் சாப்பாடு பத்தாத உடம்புக்கும் தான் முதல்ல வரும். கண்ணு மஞ்சளாச்சுனா, வாந்தி நிக்கலனா மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும்னு கண்டிப்பா சொல்லிடுங்க, குடிக்கற ஆளுங்ககிட்ட ரெண்டு தடவ சொல்லுங்க. அந்த வார மாத்திரைல ஒன்னுக்கு ஆரஞ்சு கலர்ல போறத மட்டும் முன்னாடியே சொல்லிடணும், இல்லனா ரத்தம் போகுதுன்னு பயந்து மாத்திரைய ஆத்துல போட்டுடுவாங்க.

சாப்பாடு. இத கடைசில ஒரு வரியா சொல்லிட்டு போறது தான் வழக்கம், எனக்கு அது பிடிக்கல. ஜார்கண்ட்ல ரேஷன்ஸ்னு ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க, 2023ல ரிசல்ட் வந்துச்சு, அதுல இருந்தவங்கள்ல பாதிக்கு மேல பழங்குடி ஜனங்க. நோயாளிக்கு மட்டும் இல்லாம வீட்ல இருக்கற பெரியவங்க ஒவ்வொருத்தருக்கும் மாசம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ துவரம்பருப்பு, கூட சத்து மாத்திரை குடுத்தாங்க, சின்ன குழந்தைங்களுக்கு அரிசி பருப்பு அதுல பாதி. அந்த வீடுகள்ல புதுசா டிபி வர்றது 39 சதவீதம் குறைஞ்சுது, அடுத்தவங்களுக்கு பரவற வகை டிபி கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது. வெறும் அரிசி பருப்புங்க! நோயாளிகள்லயும் முதல் ரெண்டு மாசத்துல எடை ஏறினவங்க சாவறது ரொம்ப கம்மி. இங்க ரேஷன் அரிசி கிடைக்குது, பருப்பு தான் பத்தறதில்ல, காட்டு கீரை, நண்டு, மீன் எல்லாம் முன்ன மாதிரி கிடைக்கறதில்ல. டிபி நோயாளி சாப்பாட்டுக்கு அரசு பணம் குடுக்கற நிக்ஷய் போஷன் திட்டத்துல மாசம் 500 ரூபா குடுத்திட்டு இருந்தது 2024 நவம்பர்ல இருந்து 1000 ஆச்சு, ஆனா பேங்க் அக்கவுண்ட் இல்லனா, ஆதார்ல பேரு மாறி இருந்தா பணம் மாத்திரை முடியற நேரத்துக்கு தான் வரும். அதனால முதல் நாள்லயே அக்கவுண்ட் இருக்கா, உயிரோட இருக்கா, யார் பேர்லன்னு பாத்துடுங்க. பணம் யார் கைக்கு போகுதுன்னும் பாருங்க, அம்மா கைல போனா முட்டையா வீட்டுக்கு வரும், மத்தபடி நான் சொல்லல. அப்புறம் அந்த 1000 ரூபா நோயாளி ஒருத்தருக்கு தான், வீட்ல இருக்கற மத்தவங்களுக்கு இல்ல, ஜார்கண்ட் ரிசல்ட்ட பாத்த அப்புறமும் அது அப்டியே இருக்கறது எனக்கு புரியல. எங்களால முடிஞ்சது அங்கன்வாடி சத்துமாவு, ஸ்கூல் சாப்பாடு, தெரிஞ்சவங்க குடுக்கற பருப்பு மூட்டைன்னு ஒட்டி ஒட்டி ஓட்டறது தான்.

எடை மிஷின ஜீப்ல எப்பவும் வெச்சிருங்க. தமிழ்நாட்டுல 2022ல இருந்து காசநோய் இறப்பில்லா திட்டம்னு ஒண்ணு நடக்குது, டிபி கண்டுபிடிச்ச உடனே உயரம் எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், பிடிக்காம எந்திரிச்சு நிக்க முடியுதா, இத பாத்து மோசமா இருக்கறவங்கள உடனே அட்மிட் பண்றது. நான் ஃபீல்டுல பாத்ததுல இது உருப்படியான திட்டம், டாக்டர் இல்லாமலே நாமளே பாத்துடலாம். தாங்கி பிடிச்சா தான் நிக்க முடியுதுனா அந்த ஆள வீட்ல வெச்சு மாத்திரை குடுத்து பாக்கலாம்னு யோசிக்காதீங்க, அன்னைக்கே வண்டி ஏத்துங்க. வீட்ல வைத்தியம் பாக்கலாம்னு நான் மேல சொன்னது நடமாடற ஆளுங்களுக்கு.

காலனில சாமி பாக்கறவங்க, மருந்து குடுக்கற பெரியவங்க இருப்பாங்க, அவங்ககூட சண்டைக்கு நிக்காதீங்க. மொதல்ல அவங்க வீட்டுக்கு போய் ஒரு டீ குடிச்சிட்டு, "ரெண்டு வாரத்துக்கு மேல இருமறவங்க உங்ககிட்ட வந்தா பூஜையும் பண்ணுங்க, எனக்கும் ஒரு ஃபோன் போடுங்க"ன்னு சொல்லி வெச்சா நிஜமாவே ஃபோன் வரும். மாத்திரை குடுக்கற பொறுப்பையும் வெளியாள விட காலனிக்குள்ளயே ஒரு அக்காகிட்ட விட்டா நல்லா நடக்குது, சிகிச்சை முடிஞ்சா அவங்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு.

கடைசியா குடகு பிரச்சனை, அதாவது கர்நாடகால இருக்கற குடகு பக்கம் கூலி வேலைக்கு போறது. மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல இருமல் போயிடும், உடம்பு தேறிடும், அந்த நேரம் பாத்து இஞ்சி வேலைக்கோ காப்பி வேலைக்கோ ஆள் கூப்ட வண்டி வரும், அட்வான்ஸ் வாங்கிட்டு ராத்திரியோட ராத்திரியா குடும்பத்தோட போயிடுவாங்க. அங்க ஒரே ஷெட்ல இன்னும் நாலு குடும்பம். போகாதீங்கன்னு சொல்லி பிரயோஜனம் இல்ல, வயிறு இருக்கு. அதனால முதல் நாளே கேட்டு வெச்சுக்கறேன், இந்த வருஷம் வேலைக்கு போவீங்களா, எந்த பக்கம், மேஸ்திரி யாரு, அவர் நம்பர் என்ன. போற அன்னைக்கு ஒரு மாச மாத்திரை கைல குடுத்து விட்டுட்டு, நிக்ஷய் ஐடிய (அரசு டிபி பதிவுல நோயாளிக்கு குடுக்கற நம்பர்) அட்டைல பெருசா எழுதி குடுத்துடுவேன், அந்த நம்பர காட்டினா கர்நாடகால எந்த அரசு ஆஸ்பத்திரிலயும் மிச்ச மாத்திரைய வாங்கலாம், ரெக்கார்டையும் அங்க மாத்தி விடலாம். குழந்தைங்களோட தடுப்பு மாத்திரையும் அதே பைல போகணும், அத தான் எல்லாரும் மறக்கறாங்க. வழில ஏதாவது சிக்கல்னா 1800116666க்கு கூப்பிட சொல்லுங்க, காசு ஆகாது. திரும்பி வந்ததும் மறுபடி அந்த அடுப்ப சுத்தி யார் யார்னு லிஸ்ட் எடுக்கணும், ஷெட்ல கூட இருந்தவங்களையும் சேர்த்து.